சோளச் சிற்றுண்டியும் அதன் ஊட்டச்சத்தும்



கொத்மலை, வலப்பனை, ஹங்குரன்கெத்தைப் பகுதிகளில் நெல் விளைவிப்போரும், நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பகுதிகளில் கரட், கோவா, லீக்ஸ், உருளைக்கிழங்கு முதலியவற்றைப் பயிரிடுவோரும், ஹட்டனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் லயத்தின் அருகே சிறு மரக்கறித் தோட்டம் வைத்திருப்போரும் நெல்லையும் மரக்கறியையும் பற்றி நன்கறிவீர்கள். இத்துண்டுப்பிரசுரம் சோளத்தைப் பற்றியது. அதனைப் பயிரிடும் முறையைக் காட்டிலும், சிற்றுண்டியாக உண்ணும்போது அதனால் உடலுக்குக் கிடைக்கும் பயனைப் பற்றியே இங்கு மிகுதியாகக் கூறப்படுகின்றது. சோளம் என்று இங்கே குறிப்பிடப்படுவது கதிரில் மணிகள் வரிசையாக அமைந்த மக்காச்சோளமாகும், இறுங்கு அன்று.

இவ்விடயம் ஏன் முக்கியமானது?

தோட்டத்துக் கடைகளிலும், பாடசாலைகளை அடுத்துள்ள கடைகளிலும் பளபளக்கும் பைக்கற்றுக்களில் சோளச் சிப்ஸ் தொங்குவதை நீங்கள் நாள்தோறும் காண்கின்றீர்கள். அதிகாலையில் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்க்குக் காலையுணவு ஆக்கப் போதிய நேரம் கிடைப்பதில்லை. ஆகையால் பிள்ளையின் கையில் ஒரு பைக்கற்றைக் கொடுத்துவிட்டு அவள் மலைக்குச் செல்கின்றாள். பிள்ளையும் அழாமல் உண்கின்றது. சோளம் தானியந்தானே, தானியம் நல்லதுதானே என்ற எண்ணமும் அவளுக்கு ஆறுதல் அளிக்கின்றது.

இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதை ஆராய்தல் அவசியம். 2016ஆம் ஆண்டில் நடத்தப்பெற்ற குடிசன மற்றும் சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 17.3 பேர் வயதிற்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். தோட்டப்புறங்களில் இத்தொகை நூற்றுக்கு 31.7 ஆகும். அதாவது தோட்டப் பிள்ளைகள் மூவரில் ஏறத்தாழ ஒருவர் வளர்ச்சி குன்றியவர். இதற்குக் காரணங்கள் பல. வறுமை, தாயின் உடல்நிலை, குடிநீர், நோய் ஆகிய யாவும் இதில் அடங்கும். எனினும் பிள்ளை நாள்தோறும் எதை உண்கின்றது என்பது அக்காரணங்களுள் நம் கைக்கு எட்டக்கூடிய ஒன்றாகும்.

சோளமணியில் உள்ள சத்துக்கள்

நன்கு முற்றி உலர்ந்த சோளமணி 100 கிராமில் ஏறத்தாழ 365 கலோரிச் சக்தியும், 74 கிராம் மாச்சத்தும், 9 கிராம் புரதச்சத்தும், 4 முதல் 5 கிராம் வரை கொழுப்புச்சத்தும் உள்ளன. நார்ச்சத்து, மக்னீசியம், பொசுபரசு என்பவையும் உண்டு. கொழுப்பின் பெரும்பகுதி மணியின் முளையிலேயே இருக்கின்றது. மஞ்சள் மணிச் சோளத்தில் கண்ணுக்கு நன்மை செய்யும் மஞ்சள் நிறப் பொருட்களும் சிறிதளவு கரட்டீனும் உள. வெள்ளை மணியில் இவை மிகக் குறைவு.

ஆகவே சத்துள்ள தானியம் என்ற வகையிற் சோளம் எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. தீட்டிய வெள்ளை அரிசியோடு ஒப்பிட்டால் புரதமும் நாரும் இதிற் சற்று மிகுதியே.

சோளச் சிப்ஸ் செய்யப்படும் முறை

சோளம் மெக்சிக்கோ நாட்டில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் காட்டுப்புல் ஒன்றிலிருந்து பயிராக்கப்பட்டது. அந்நாட்டு மக்கள் உலர்ந்த மணியைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி, அம்மியில் அரைத்து ரொட்டி தட்டினர். இம்மாவை எண்ணெயிற் பொரித்து விற்கும் வழக்கம் அங்கிருந்து அமெரிக்காவிற்குச் சென்றது. 1932ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரில் எல்மர் டூலின் என்பவர், மெக்சிக்கோவிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து செய்முறையை விலைக்கு வாங்கி, சோளச் சிப்ஸைப் பைகளில் அடைத்து விற்கத் தொடங்கினார். அது பின்னர் பெருந்தொழிலாகி உலகெங்கும் பரவிற்று.

இக்காலத்துத் தொழிற்சாலைகளில் இரு முறைகள் கையாளப்படுகின்றன. ஒன்று, மேற்கூறியவாறு அரைத்த மாவை வடிவமாக வெட்டி எண்ணெயிற் பொரித்தல். மற்றையது, சோளக்குருணையை இயந்திரத்தில் அதிக அழுத்தத்தோடும் வெப்பத்தோடும் செலுத்திப் பொங்கச் செய்து, பின்னர் எண்ணெயும் உப்பும் சுவைப்பொடியும் பூசுதல். இரண்டாவது முறைக்கு வேண்டிய குருணையைப் பெறுவதற்கு மணியின் தோலும் முளையும் பெரும்பாலும் நீக்கப்படுகின்றன. தோலோடு நாரும், முளையோடு தாதுப்பொருட்களும் நல்ல புரதத்தின் ஒரு பகுதியும் நீங்கிவிடுகின்றன.

ஒப்பிட்டுப் பார்க்க

கீழே தரப்பட்டுள்ள அளவுகள் அண்ணளவானவை. வகைக்கும் உற்பத்திக்கும் ஏற்பச் சிறிது வேறுபடும்.

1. அவித்த இளஞ்சோளமணி 100 கிராம் (நடுத்தரமான ஒரு கதிரில் கிடைக்கும் அளவு): சக்தி 96 கலோரி, புரதம் 3.4 கிராம், கொழுப்பு 1.5 கிராம்.

2. பொரித்த சோளச் சிப்ஸ் 50 கிராம்: சக்தி 270 கலோரி, புரதம் 3.3 கிராம், கொழுப்பு 16 கிராம், உப்பு ஏறத்தாழ முக்காற் கிராம்.

இவ்விரண்டையும் கவனித்தால் உண்மை விளங்கும். இரண்டிலும் புரதம் சமமே. ஆனால் சிப்ஸில் கொழுப்புப் பத்து மடங்காக உள்ளது. சிப்ஸ் தரும் சக்தியிற் பாதிக்கு மேற்பட்டது சோளத்திலிருந்து வருவதன்று. பொரித்த எண்ணெயிலிருந்தே வருகின்றது. வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு உட்கொள்ளும் உப்பு ஐந்து கிராமிற்குக் குறைவாக இருத்தல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. சிறு பிள்ளைகளுக்கு இதனினும் குறைவே போதும். ஒரு சிறு பைக்கற்றிலேயே முக்காற் கிராம் உப்பு பிள்ளையின் உடலிற் சேருமாயின், அதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

மெலிந்த பிள்ளைக்குக் கொழுப்பு நல்லதன்றோ என்று சிலர் வினவலாம். பிள்ளைக்குக் கொழுப்பும் வேண்டியதே. ஆனால் உயரமும் தசையும் வளர்வதற்குப் புரதமும், இரும்பும், நாகச்சத்தும், விற்றமின்களும் இன்றியமையாதன. சிப்ஸ் உண்ட பிள்ளையின் வயிறு நிறைந்துவிடுகின்றது. அதன்பின் சோற்றையும் பருப்பையும் முட்டையையும் அது வெறுக்கின்றது. சிப்ஸால் வரும் கேடு பெரும்பாலும் இவ்வாறே வருகின்றது. என்றாவது ஒருநாள் திருவிழாவிலோ சந்தையிலோ ஒரு பைக்கற்றை உண்பதனால் எவருக்கும் தீங்கில்லை. நாள்தோறும் அது ஓர் உணவுவேளையின் இடத்தைப் பிடித்துக்கொள்வதே தவிர்க்கப்பட வேண்டியது.

சோளத்தின் குறையும் அதனை நிரப்பும் வழியும்

சோளப் புரதத்தில் லைசின், திரிப்தோபன் எனும் இரு பகுதிகள் குறைவாக உள்ளன. பிள்ளையின் வளர்ச்சிக்குத் தேவையான லைசினில் ஏறத்தாழப் பாதியளவே சோளப் புரதத்தில் இருக்கின்றது. ஆகையாற் சோளத்தை மட்டும் உண்டு வளரும் உடல் முழுப்பயன் பெறாது. இக்குறையைக் களைய 1964ஆம் ஆண்டிலிருந்து ஆராய்ச்சியாளர் முயன்று, லைசின் மிகுந்த சோள இனங்களை உருவாக்கினர். மெக்சிக்கோவிலுள்ள சர்வதேச ஆராய்ச்சி நிலையத்தில் இப்பணியைச் செய்த சுரீந்தர் வாசல், எவாஞ்சலினா வில்லேகாஸ் ஆகிய இருவருக்கும் 2000ஆம் ஆண்டில் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

எனினும் நம் வீட்டிலேயே இதற்கு எளிய பரிகாரம் உண்டு. பயறு, கௌபி, பருப்பு, கடலை, சோயா முதலிய அவரையினப் பயிர்களில் லைசின் மிகுதி. அவற்றிற் குறைவாயுள்ள வேறொரு பகுதி சோளத்தில் நிறைவாக உள்ளது. இரண்டையும் சேர்த்துண்டால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். இரண்டு பங்கு சோளமாவிற்கு ஒரு பங்கு பயற்றமா என்ற அளவை நினைவிற் கொள்க.

நீங்கள் கிளினிக்கிற் பெற்றறிந்த திரிபோஷ மாவும் இதே அடிப்படையில் அமைந்ததே. 1973ஆம் ஆண்டில் இலங்கையில் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில், சோளமும் சோயாவும் சேர்த்து வேகவைத்து அரைத்து, விற்றமின்களும் தாதுப்பொருட்களும் கலந்து, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்க்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் வழங்கப்படுகின்றது. 2022ஆம் ஆண்டில் நாட்டிற் சோளம் தட்டுப்பட்டபோது அதன் உற்பத்தியும் தடைப்பட்டது. ஒரு கமக்காரனின் சோள மூடைக்கும் ஒரு குழந்தையின் எடைக்கும் உள்ள தொடர்பை அவ்வாண்டு நாம் கண்கூடாகக் கண்டோம்.

சோளத்தில் நயாசின் எனும் விற்றமின் உடலால் எளிதிற் பெற முடியாதவாறு கட்டுண்டு கிடக்கின்றது. சோளத்தையே முழு உணவாகக் கொண்ட அமெரிக்கத் தென்மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாக்ரா எனும் கொடுநோய் பரவியதற்கு இதுவே காரணம். மெக்சிக்கோ மக்கள் சுண்ணாம்பு நீரில் வேகவைத்தமையால் அச்சத்து விடுபட்டு, அவர்கள் அந்நோய்க்கு ஆளாகவில்லை. சோற்றையும் பருப்பையும் மீனையும் கலந்துண்ணும் நமக்கு இவ்வச்சம் வேண்டுவதில்லை. ஆகவே வீட்டில் சுண்ணாம்பு கலந்து வேகவைக்க முயல வேண்டாம்.

தேநீரும் இரும்புச்சத்தும்

தேயிலை விளையும் நாட்டில் வாழும் நாம் இதனை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சோளத்திலுள்ள இரும்புச்சத்து உடலிற் குறைவாகவே சேர்கின்றது. உணவோடு வெறுந்தேநீர் அருந்தினால், தேயிலைச் சாயத்திலுள்ள துவர்ப்புப்பொருள் அவ்விரும்பைப் பற்றிக்கொண்டு, சிறிதளவு சேர்வதையும் தடுத்துவிடுகின்றது. பெண்களிடையே இரத்தச்சோகை மிகுந்த இடங்களில் இது சிறிய விடயமன்று.

ஆகவே, ரொட்டியோ சோளமோ உண்டு ஒரு மணி நேரம் கழித்தே தேநீர் அருந்துக. பிள்ளைகளுக்கு உணவோடு தேநீர் கொடாதீர்கள். உணவோடு தேசிக்காய்ச் சாறு, கொய்யாப்பழம், பச்சைக் கோவா ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்தால் இரும்பு நன்கு சேரும்.

வீட்டிற் செய்யத்தக்க சிற்றுண்டிகள்

அவித்த கதிர்: பறித்த சோளக்கதிரை உடனே அவிப்பதே சிறந்தது. பறித்த நேரந்தொட்டு மணியிலுள்ள இனிப்பு மாச்சத்தாக மாறத் தொடங்கும். மறுநாள் அவித்தால் சுவை குறையும். இளங்கதிருக்குப் பதினைந்து நிமிடம் போதும். முற்றியதற்கு அரை மணி நேரத்திற்கு மேலும் வேண்டும். உப்பிற்குப் பதிலாகத் தேசிக்காயை வெட்டிக் கதிரின் மீது தேய்த்துண்க. குழந்தைகளுக்கு மணிகளை உதிர்த்து மசித்துக் கொடுக்க வேண்டும்.

சோள மரக்கறி ரொட்டி: சோளமாவிற்குப் பசைத்தன்மை இல்லையாதலால் அதனைத் தனியே தட்டினால் உடையும். சோளமா ஒரு பங்கு, கோதுமை மா ஒரு பங்கு எடுத்து, தேங்காய்ப்பூ, துருவிய கரட், பொடியாக அரிந்த லீக்ஸ் இலை, வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்து, சுடுநீர் விட்டுக் குழைத்துத் தட்டுக. கரட்டிலுள்ள கரட்டீன் உடலிற் சேர்வதற்குத் தேங்காயிலுள்ள கொழுப்புத் துணைசெய்யும். விற்பனைக்குத் தகாதென ஒதுக்கும் வளைந்த கரட்டும் சிறிய கரட்டும் இதற்கு உதவும்.

வீட்டுச் சோளச் சிப்ஸ்: மேற்கூறிய மாவை மரக்கறி சேர்க்காமல் மிக மெல்லியதாகத் தட்டி, தோசைக்கல்லில் வாட்டி, முக்கோணமாக வெட்டிக்கொள்க. ஒரு தேக்கரண்டி எண்ணெயை அவற்றின் மீது தடவி, சிறு நெருப்பிற் புரட்டிப் புரட்டி மொறுமொறுப்பாகும்வரை வைத்தெடுக்க. ஆறியபின் மூடியுள்ள பேணியில் இட்டுவைக்கலாம். பைக்கற்றைக் கேட்டு அழும் பிள்ளை மொறுமொறுப்பையே விரும்புகின்றது என்பதை நினைவிற் கொண்டு இதனைச் செய்து பாருங்கள்.

சோளப் பயற்றுருண்டை: வறுத்தரைத்த சோளமா இரண்டு சுண்டு, வறுத்தரைத்த பயற்றமா ஒரு சுண்டு, தேங்காய்ப்பூ அரைச் சுண்டு, சிறிதளவு கருப்பட்டி ஆகியவற்றைச் சுடுநீர் தெளித்துப் பிசைந்து உருண்டை பிடிக்க. மலைக்குச் செல்லுமுன் முதல்நாள் இரவிலேயே செய்துவைக்கலாம். தாயும் பிள்ளையும் இருவரும் உண்ணத்தக்கது.

பொரிசோளம் நல்ல சிற்றுண்டியே. ஆனால் நான்கு வயதிற்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதனைக் கொடாதீர்கள். தொண்டையில் அடைத்து மூச்சுத் திணறல் உண்டாக்கக்கூடும். வறுத்த முழு மணியும் அவ்வாறே.

பூஞ்சணம் பிடித்த சோளம் நஞ்சாகும்

ஈரமிகுந்த மலைநாட்டிற் சோளத்தைச் சேமிப்போர் கீழ்வருவதைத் தவறாது அறிய வேண்டும். நன்கு உலராத மணியில் அஸ்பர்ஜிலஸ் எனும் பூஞ்சணம் வளர்ந்து அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சைச் சுரக்கின்றது. அது ஈரலைத் தாக்கும். நெடுங்காலம் சிறிது சிறிதாக உட்கொண்டால் ஈரற் புற்றுநோய்க்கும் காரணமாகும். சாதாரணச் சமையல் வெப்பத்தால் அது அழிவதில்லை. 1974ஆம் ஆண்டில் இந்தியாவின் இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் மழையில் நனைந்து கெட்ட சோளத்தை உண்ட ஆதிவாசிக் குடும்பங்களில் 397 பேர் நோயுற்று 106 பேர் இறந்தனர். அவர்களும் தம் சொந்த விளைச்சலையே உண்டவர்கள்.

ஆகையால்,

1. கதிர் நன்கு முற்றி மடல் காய்ந்தபின் அறுவடை செய்க. மழையில் விடாதீர்கள்.

2. மணியை வெறுந்தரையில் அன்றிப் படங்கின் மீதோ சீமெந்துத் தளத்திலோ உலர்த்துக. ஈரப்பதன் நூற்றுக்கு 13இற்கு மேற்படலாகாது. பல்லாற் கடிக்கும்போது நசியாமல் நறுக்கென உடைந்தால் ஏறத்தாழ அந்நிலையை அடைந்துவிட்டது எனலாம்.

3. சுளகிற் புடைத்து, நிறம் மாறிய, சுருங்கிய, உடைந்த, பூச்சி துளைத்த மணிகளைப் பொறுக்கி அகற்றுக.

4. காற்றுப்புகாத பேணியிலோ, தரையில் படாது பலகை மீது அடுக்கிய சாக்கிலோ சேமிக்க.

5. பூஞ்சணம் பிடித்ததைக் கோழிக்கும் மாட்டிற்கும் போடாதீர்கள். மாடு உண்ட நஞ்சு பாலிலும் வருகின்றது. அதனைப் புதைத்துவிடுதலே தக்கது.

தோட்டத்தில் சிறிது சோளம்

உங்கள் நிலம் முழுவதையும் சோளத்திற்கு ஒதுக்குமாறு நாம் கூறவில்லை. வீட்டுத் தேவைக்குச் சில நிரைகள் போதும். சோளம் குளிரை விரும்பாத பயிர். நுவரெலியா போன்ற உயரமான இடங்களில் தை, மாசி மாதத்து உறைபனி கழிந்தபின் விதைக்க வேண்டும். அங்கே விளைச்சலுக்கு நாள் கூடுதலாகச் செல்லும். கொத்மலை, வலப்பனைப் பகுதிகளில் நீர் போதாத சிறுபோகத்தில், வடிகால் நன்கமைந்த வயல்களில் விதைக்கலாம். நீர் தேங்கினாற் பயிர் மஞ்சளாகி அழியும்.

தேயிலை நிலத்தை அடுத்த மண் பெரும்பாலும் புளிப்புத்தன்மை மிகுந்தது. மண்ணைச் சோதித்து, தேவையெனின் டொலமைற்று இட்டுப் பண்படுத்துக. நிரைக்கு நிரை 60 சென்றிமீற்றரும், செடிக்குச் செடி 30 சென்றிமீற்றரும் இடைவெளி விடுக. சோளத்தின் மகரந்தம் காற்றாற் பரவுவது. ஆகையால் வேலியோரம் ஒரே நீண்ட நிரையாக நடாமல், நான்கு குறுகிய நிரைகளாகச் சதுரமாக நடுக. ஒற்றை நிரையில் நட்டவர்கள் கதிரிற் பாதி மணி பொய்த்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதன் காரணம் இதுவே. நிரைகளின் இடையே போஞ்சியோ கௌபியோ விதைத்தாற் சோளத்தின் குறையை நிரப்பும் உணவும் அதே பாத்தியிற் கிடைக்கும்.

2018ஆம் ஆண்டின் இறுதியில் இந்நாட்டிற்கு வந்த படைப்புழுவை, சேனாப்புழு என்று நீங்கள் அழைப்பதை, குருத்தினுள் வாரம் இருமுறை தேடிப் பார்க்க வேண்டும். மரத்தூள் போன்ற எச்சம் காணப்பட்டால் புழு உள்ளேயிருக்கும். சிறு தோட்டத்தில் முட்டைக் குவியலையும் புழுவையும் கையால் நசுக்கி அழிப்பதே போதுமானது. பிள்ளைகள் உண்ணும் கதிருக்கு மருந்து தெளிக்க நேர்ந்தால், குறித்த நாள் கழியும்வரை பறிக்கலாகாது.

பைக்கற்று வாங்க நேர்ந்தால்

எப்போதாவது சிப்ஸ் வாங்கும்போது பைக்கற்றின் பின்புறத்தைப் பாருங்கள். 100 கிராமிற்கு எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு உப்பு என்பது அதிற் குறிக்கப்பட்டிருக்கும். 2019ஆம் ஆண்டின் விதிகளின்படி சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றின் அளவைக் காட்ட நிறக்குறி இடப்படுகின்றது. சிவப்பு மிகுதியையும், செம்மஞ்சள் நடுத்தரத்தையும், பச்சை குறைவையும் காட்டும். எழுத்தறியாத முதியோரும் இந்நிறங்களைப் பார்த்து அறிந்துகொள்ளலாம். இதனை உங்கள் பிள்ளைகளுக்கும் கற்பியுங்கள்.

இன்னொரு கணக்கையும் நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு கிலோகிராம் சோளத்தை நீங்கள் என்ன விலைக்கு விற்கின்றீர்கள்? ஒரு கிலோகிராம் சோளச் சிப்ஸ், சிறு பைக்கற்றுக்களாகச் சேர்த்துக் கூட்டினால், என்ன விலைக்கு உங்கள் வீட்டிற்கு வருகின்றது? இவ்விரு தொகைகளையும் அருகருகே எழுதிப் பார்த்தால், வேறு அறிவுரை தேவைப்படாது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

சோளம் நல்ல தானியம். அவித்தும், சுட்டும், ரொட்டியாகவும் உண்டால் அதன் சத்து நமக்குக் கிட்டும். பொரித்த சிப்ஸில் எண்ணெயும் உப்பும் மிகுதி. அது உணவிற்கு ஈடாகாது. சோளத்தோடு பயறு சேர்க்க. உணவோடு தேநீர் தவிர்க்க. பூஞ்சணம் கண்ட மணியை எவ்வுயிர்க்கும் கொடாதிருக்க.

பயிர் பற்றிய மேலதிக விபரங்களை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 எனும் தொலைபேசி இலக்கத்திலும் வினவலாம். பிள்ளையின் எடையையும் உயரத்தையும் தவறாது கிளினிக்கில் அளந்து, குடும்பநல உத்தியோகத்தரின் ஆலோசனையைப் பெறுங்கள். வரும் பருவத்தில் உங்கள் தோட்டத்தில் நான்கு நிரை சோளமும் அதன் நடுவே நான்கு நிரை போஞ்சியும் நடுவீர்களாக.